டாக்டருக்குப் படிக்கறவங்க பக்கத்துல

உக்காருங்க, தாராளமா உக்காருங்க. இந்தப் பையை நான் மேல ஏத்திக்கறேன். சன்னலு வேணுங்களா? வேண்டாமா? சரி.

நான் சென்னை வரைக்கும் வர்றனுங்க. அங்கிருந்து ப்ளேனு. அமெரிக்கா. அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு எங்க ஊரு கோபிக்கு வந்தேன், முடிஞ்சுது, கெளம்பிட்டேன்.

நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துருச்சுங்க. தப்பா நெனைக்காதீங்க. கேக்கோணும்னு கேக்கலை, நீங்கதான் சத்தமாப் பேசுனீங்க. பொண்ணு நீட்டு ரெண்டாவது தடவை எழுதியும் வரலையாட்ட இருக்குது? அழுகறாளா? விடுங்க. நீங்க இந்த சீட்டுல வந்து உக்காந்ததே ஒரு நேரந்தானுங்க. வேற பொட்டியில ஏறியிருந்தீங்கன்னா உங்களுக்கு யாரு சொல்லுவா?

என்ற பேரு நாச்சிமுத்துங்க. நூல் மில்லு மெஷினு செய்யற கம்பெனியில என்ஜினீயரா அங்க போனேன், அங்கயே இருந்துட்டேன். ஒரே பொண்ணு. மிருதுளா. அவளைக் கொறஞ்சது இருவது காலேஜ்ல வேண்டாம்னுட்டாங்க. இன்னைக்கு டாக்டருக்குப் படிக்கறா. எப்படின்னு கேளுங்க. கேக்காட்டியும் சொல்றேன்.

அங்கெல்லாம் ப்ளஸ் டூ முடிச்சதும் டாக்டருக்குப் போக முடியாதுங்க. மொதல்ல நாலு வருசம் ஒரு டிகிரி படிக்கோணும். அப்பறம் ஒரு பரிட்சை. அப்பறம் ஒவ்வொரு காலேஜுக்கும், நான் எதுக்கு டாக்டராகோணும்னு ஒரு கட்டுரை. அதெல்லாம் எங்க மிருது அம்மிணி சோக்கா எழுதுவா. பரிட்சையிலயும் நல்ல மார்க்குதான். ஆனா அந்த நாலு வருச மார்க்கையும் சராசரி பண்ணிப் பாப்பாங்க பாருங்க, அதுல மாட்டிக்கிட்டா.

ரெண்டாவது வருசம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரின்னு ஒரு பாடம். அந்த வருசம் எங்க ஊரு தமிழ்ச் சங்கத்துக்கு நாந்தானுங்க தலைவரு. பொங்கல் விழாவுக்கு நானே ஒரு நாடகம் எழுதுனேன். மிருதுதான் கதாநாயகி. வெள்ளிக்கெழமை ஆனாப் போதும், மூணு மணி நேரம் கார் ஓட்டிக்கிட்டுப் போயி ஒத்திகைக்குக் கூட்டிட்டு வந்துருவேன். ஞாயித்துக்கெழமை திருப்பிக் கொண்டுபோய் விடுவேன். பரிட்சைக்கு முந்தின வாரங்கூட விடலை. கார்ல போகையிலயே வசனம் சொல்லிக்குடுப்பேன். நேரத்தை வீணடிக்கக் கூடாது பாருங்க. நாடகம் பிரமாதமுங்க. இன்னைக்கும் அங்க பேசறாங்க. ஆனா அந்தக் கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு அவ மேல என்ன காண்டோ, சி கிரேடு போட்டுட்டாரு. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. மிருதுகிட்டக் கேட்டா, பதில் சொல்லாம என்ற மூஞ்சியையே பாக்கறா.

அந்த சி ஒண்ணு போதும்னு எல்லாக் காலேஜும் கையை விரிச்சுட்டாங்க. ஒவ்வொருத்தனும் நெம்ப மரியாதையாத்தான் வேண்டாம்பான். உங்களை மாதிரி தெறமைசாலிங்க நெறைய பேரு வந்துட்டாங்க, அதனால வருத்தமா இருக்குதும்பான். வருத்தமா இருந்தா சேத்திக்க வேண்டியதுதானேடா?

அப்பத்தான் காலேஜ்ல லிண்டான்னு ஒரு அம்மாவைப் போய்ப் பாத்தோம். படிப்புக்கு யோசனை சொல்றதுக்குன்னே ஆளு வெச்சிருக்கறாங்க அங்க. நானும் கூடப் போனேன்.

"மிருதுளா, உன் மனசுல என்ன இருக்குது?"ன்னு அந்தம்மா கேட்டுது.

"டாக்டராகோணும்"னு சொன்னேன்.

"நான் மிருதுளாகிட்டக் கேட்டேன்."

"அவளும் அதையேதானுங்க சொல்லுவா."

அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு அப்பறம் சொல்லுச்சு. ஸ்பெஷல் மாஸ்டர்ஸ்னு ஒண்ணு இருக்குதாம். ஒரு வருசம். மெடிக்கல் காலேஜுக்குள்ளயே போயி, மொத வருசம் டாக்டருக்குப் படிக்கறவங்க கூடவே உக்காந்து, அதே பாடம், அதே பரிட்சை. அவங்களுக்குச் சமமா மார்க்கு வாங்கிட்டா, பழைய மார்க்கைப் பாத்து மூஞ்சியத் திருப்புனவங்கெல்லாம் திரும்பிப் பாப்பாங்க. ஆனா ஒண்ணுன்னுச்சு. "இதுல மார்க்கு கொறஞ்சா, இவளுக்கு இந்தப் படிப்பு ஆகாதுன்னு நீங்களே சாட்சி சொன்ன மாதிரி. அதுக்கப்பறம் வேற வழி இல்லை. யோசிச்சுக்குங்க."

மிருது வெரலைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அப்பறம் பைய்ய, "நான் போறேன்"னா.

கோபிக்குப் போன் பண்ணுனேன். எங்கண்ணன் எடுத்தாரு.

"பொண்ணு டாக்டருக்குப் படிக்கறாளாடா?"

"டாக்டருக்குப் படிக்கறவங்க பக்கத்துல உக்காந்து படிக்கறாங்ணா."

"பக்கத்துல உக்காந்து எதுக்கு? அதே பாடந்தானே?"

"அதே பாடந்தான். அதே பரிட்சை. அதே காலேஜு."

"அப்ப டாக்டர்தானே?"

"இல்லீங்ணா."

 எங்கண்ணன், "பஸ்ல டிக்கெட் எடுத்துட்டு நின்னுக்கிட்டே போற மாதிரியா?"ன்னாரு. பாருங்க, அந்த லிண்டாம்மா அரை மணி நேரம் சொன்னது எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு.

அந்த வருசம் எனக்கும் கம்பெனியில ஓய்வு குடுத்திருந்தாங்க. அதனால நானும் அவகூடப் போறதுன்னு முடிவு பண்ணுனேன். சமைச்சுப் போட, துணி தொவைக்க, பாடத்தைக் கவனிக்க ஒரு ஆளு வேணுமில்லீங்களா? மிருது, "வேண்டாம்ப்பா, நீங்க எதுக்குச் சிரமப்படோணும்? வேண்டாம்ப்பா, நெசமாவே வேண்டாம்"னா. சங்கோஜம். நம்ம பொண்ணுங்க அப்படித்தான், வாய் விட்டுக் கேக்காதுங்க. எங்கூட்டுக்காரம்மா வசந்தாமணி இருக்கறா பாருங்க, அவதான் தியாகி. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள பொட்டியை எடுத்து வெச்சுட்டா. "ஒரு வருசம் முழுசா இருந்துட்டே வாங்க. நடுவுல லீவுக்கெல்லாம் வந்து அலையாதீங்க"ன்னா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி காட்டலீங்க. அத்தனை நெஞ்சழுத்தம்.

காலேஜ் பக்கத்துலயே ஒரு சின்ன வீடு. காத்தால கொள்ளு ரசம், பாதாம், வெண்டைக்காய். மூளைக்குங்க. அவ படிக்கற மேசைக்கு எதுத்தாப்புல ஒரு சேரு போட்டு நான் உக்காந்துக்குவேன். அவ தலையை நிமுத்துனா, "என்ன அம்மிணி, படிச்சுட்டியா?"ன்னு ஒரு வார்த்தை கேப்பேன். ஊக்கம் குடுக்கோணுமில்லீங்களா?

எலும்பு, சதைன்னு ஒரு பாடம் வந்துச்சு. "புத்தகத்துல படம் பாத்து என்ன பண்றது? நான் இருக்கறேன், என்ற மேல எழுது"ன்னு சட்டையைக் கழட்டிட்டு உக்காந்தேன். மொதல்ல மாட்டேன்னா. நான் விடுவனா? மார்க்கர் பேனாவை நானே போய் வாங்கிட்டு வந்தேன், நல்லதா. தோளுலருந்து மணிக்கட்டு வரைக்கும் பேரு பேரா எழுதி, கோடு போட்டு, அம்பு போட்டு வெச்சா. கழுவப் போனாத்தான் தெரியுது, அது அழியாத பேனாவாம். ஒரு வாரம் அப்படியே திரிஞ்சேன். கொத்தமல்லி வாங்கக் குஜராத்திக் கடைக்குப் போனா, கல்லாவுல இருந்த ஹஸ்முக் பாய், அவங்க பாஷையில பாய்னா அண்ணன், பயந்துட்டாரு. "என்ன பாய், ஆபரேசனா? எந்தப் பக்கம் வெட்டறதுன்னு குறிச்சு வெச்சிருக்காங்களா?"ன்னாரு. நான் சட்டைக் கையைச் சுருட்டி அவருக்குப் பாடம் எடுத்தேன். கொஞ்ச நாள்ல அந்தக் கடைக்கு வர்றவங்கெல்லாம் தோள்பட்டை வலி, கால் வலின்னு என்னைத்தான் கேக்க ஆரம்பிச்சாங்க. நானும் சொல்லி அனுப்புவேன். எல்லாத்துக்கும் கொள்ளு ரசம்தான்.

ஆனா மொதப் பரிட்சையில மார்க்கு வரலைங்க.

டாக்டருக்குப் படிக்கற புள்ளைங்களோட சராசரியை விடக் கீழ. சிரிக்கறதுக்கில்லீங்க இது. இன்னொரு பரிட்சை இப்படி ஆச்சுன்னா கதவு சாத்துனது சாத்துனதுதான். அதுக்கப்பறம் மிருது வீட்டுல பேசறதையே விட்டுட்டா. புத்தகத்தைத் தூக்கிட்டுக் கீழ துணி தொவைக்கற ரூமுக்குப் போயிருவா. அங்க மெஷினுக்கு நடுவுல, தரையில உக்காந்து படிப்பா. குளுருக்கு அங்கதான் கதகதப்பா இருக்குதாட்டன்னு நெனச்சு, நானும் என்ற சேரைத் தூக்கிட்டு அங்க போயிட்டேன். அடுத்த நாளு அவ லைப்ரரிக்குப் போயிட்டா. அங்க சேரு எடுத்துட்டுப் போக விட மாட்டேங்கறாங்க.

சரி, நாமளே ஒரு நடை போய்ப் பாத்துருவோம்னு, எள்ளுருண்டை ஒரு டப்பாவுல போட்டுக்கிட்டு அவ டீச்சரம்மாவைப் பாக்கப் போனேன். வயசானவங்க, நல்ல மாதிரி. "மிருதுளா எப்படிப் படிக்கறாங்க?"ன்னேன்.

"அப்படி ஒரு மாணவி இருக்கறாங்களா இல்லையான்னு நான் சொல்ல முடியாதுங்க"ன்னாங்க.

"என்ற பொண்ணுங்க. உங்க கிளாஸ்ல உக்காந்திருக்கறா."

"உக்காந்திருக்கலாம். உக்காராமயும் இருக்கலாம். அதைப் பெத்தவங்ககிட்டக்கூட நான் சொல்லக் கூடாது, இங்க சட்டம் அப்படி."

எனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க! இத்தனை மாசம் பாடம் எடுத்துட்டு, என்ற பொண்ணு அந்தக் கிளாஸ்ல இருக்கறாளா இல்லையான்னே அந்தம்மாவுக்குத் தெரியலை. எள்ளுருண்டையை மட்டும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க.

வீட்டுக்கு வந்து மிருதுகிட்டச் சொன்னேன். "அம்மிணி, நீ இனிமே மொத பெஞ்சுல உக்காரு. அந்தம்மாவுக்கு நீ யாருன்னே தெரியலை."

அவ மூஞ்சி வெளுத்துப் போச்சு. "அப்பா, நீங்க அவங்களைப் போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேன். எள்ளுருண்டை குடுத்தேன்."

"அப்பா, ஊருக்குப் போங்க."

"கோபிக்கா?"

"அம்மாகிட்டப் போங்க!"ன்னு கத்திப்போட்டா. பொறந்ததுலருந்து என்னை அப்படி ஒரு சத்தம் போட்டதில்லீங்க. கதவைச் சாத்திக்கிட்டா.

நான் வசந்தாமணிக்குப் போன் பண்ணி, "புள்ள என்னைப் போகச் சொல்லுது, நாளைக்கு வந்துரட்டுமா?"ன்னேன். அவ பதறிப் போயிட்டா. "ஐயையோ, வேண்டாங்க! புள்ள ஏதோ கோவத்துல சொல்லும். அங்கயே இருங்க, நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்"ன்னா. பின்னால ஏழெட்டுப் பொம்பளைங்க சிரிக்கற சத்தம் கேட்டுது. டீவி போட்டு வெச்சிருப்பா, பாவம், தனியா இருக்கற பயத்துக்கு.

ஆனாலும் மனசு கேக்கலீங்க. மறுநா பொட்டியைக் கட்டிக்கிட்டு, செருப்பையும் போட்டுக்கிட்டு, சோபாவுல உக்காந்திருந்தேன். மத்தியானம் மிருது வந்தா. பொட்டியைப் பாத்தா, என்னைப் பாத்தா, பொட்டி மேலயே உக்காந்துக்கிட்டு அழுக ஆரம்பிச்சுட்டா.

"எனக்கு வரலைப்பா. அவங்கெல்லாம் ஒரு தடவை படிக்கறாங்க, வந்துருது. நான் எத்தனை தடவை படிச்சாலும் பரிட்சையில உக்காந்தா எல்லாம் மறந்துருது. இந்தக் கிட்னி என்ன பண்ணுதுன்னுகூட எனக்கு முழுசாத் தெரியலைப்பா."

 தெரிஞ்சதைச் சொன்னேன். "ஒண்ணுக்கு வர்றதுக்குத்தானே அம்மிணி?"

அழுதுக்கிட்டு இருந்தவ நிறுத்திட்டா. "அவ்வளவுதானா?"

"வேற என்ன பண்ணும்?"

எந்திரிச்சாளுங்க. நான் வாங்குன அதே மார்க்கரை எடுத்தா. நேரா போயி ப்ரிட்ஜு கதவு மேல படம் போட ஆரம்பிச்சுட்டா. ரத்தம் இப்படி வருது, இங்க வடிகட்டுது, இந்தக் கொழாய்ல போகுது, வேணுங்கறது ரத்தத்துக்கே திரும்பிப் போகுதுன்னு. "புரிஞ்சுதா?"ன்னா.

"புரிஞ்சுது"ன்னேன்.

"திருப்பிச் சொல்லுங்க."

சொன்னேன். தலையில அடிச்சுக்கிட்டா. மறுக்காச் சொல்லிக் குடுத்தா. மறுக்காத் தப்பு. காபி போட்டுக் குடிச்சுட்டு மறுக்கா ஆரம்பிச்சா. கடைசியா எனக்கு ஒண்ணு தோணுச்சுங்க. "ஏன் அம்மிணி, உங்கம்மா பீரோ ஒதுக்கற மாதிரியா? வேண்டாததை மட்டும் தேடிப் பொறுக்காம, எல்லாத்தையும் வெளிய இழுத்துக் கொட்டிப்போட்டு, வேணுங்கறதை மட்டும் திருப்பி உள்ள அடுக்குவாளே?"

மிருது மார்க்கரைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா. "அதேதான்ப்பா. அப்படியேதான்"ன்னு சொல்லிட்டு, "எனக்கே இப்பத்தான் புரியுது"ன்னா.

அன்னைக்கு அவ ஒண்ணு சொன்னாளுங்க, நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். "அப்பா, உங்களை மாதிரி ஒரு ஆளு எங்கயும் கெடைக்காது. உங்களுக்குப் புரிய வெச்சுட்டா, உலகத்துல யாருக்கும் புரிய வெச்சரலாம்." பெத்த பொண்ணு வாயில இப்படி ஒரு வார்த்தை எத்தனை அப்பனுக்குக் கெடைக்கும்? சொல்லுங்க!

அதுலருந்து தெனமும் எனக்குப் பாடம். ஒரே ஒரு நிபந்தனை, நான் பேசக் கூடாது. கேக்கோணும், கேட்டதைத் திருப்பிச் சொல்லோணும். வேற ஊக்கம் எதுவும் குடுக்கக் கூடாது. கஷ்டமாத்தான் இருந்துச்சு, பொறுத்துக்கிட்டேன். அவளை மாதிரியே ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் படிக்கற பையன் டைலர்னு ஒருத்தன், ஆறடி ஒசரம். அவனும் வந்தான். என்னைப் பாத்து அவன் ஒண்ணு கண்டுபிடிச்சான். எனக்கு நெசமாப் புரிஞ்சா தலை மேலயும் கீழயும் ஆடுதாம். புரியாம "ஆமா ஆமா"ன்னு சொல்றப்ப பக்கவாட்டுல ஆடுதாம். அதுக்கப்பறம் யாரும் என்ற பேச்சைக் கேக்கறதில்லை, தலையைத்தான் பாக்கறது. பக்கவாட்டுல ஆடுனா, "இன்னொருக்கா"ன்னு எல்லாருஞ் சேந்து கத்துவாங்க. கடைசியில டாக்டருக்கே படிக்கற புள்ளைங்களும் வர ஆரம்பிச்சுட்டாங்க. முன்னெல்லாம் இவங்க பக்கத்துல உக்காந்திருந்தாலும் திரும்பிப் பாக்காதவங்க. எங்க வீட்டுல செருப்பு விட எடமில்லை! வரிசையா நின்னு ஒவ்வொருத்தரா எனக்குச் சொல்லிக்குடுப்பாங்க. "அங்கிள், இந்தக் காலேஜ்ல இத்தனை வாத்தியார் இருந்தும், உங்களை மாதிரி ஒருத்தரில்லை"ன்னு அந்த டைலர் சொல்லுவான். வெள்ளைக்காரன் சும்மா புகழ மாட்டானுங்க.

ஒரு சமயம் ஈரலைப் பத்திச் சொல்றப்ப நான் தூங்கிட்டேன். தூக்கத்துல தலை மேலயும் கீழயும் ஆடியிருக்குது. எல்லாரும் புரிஞ்சுருச்சுன்னு சந்தோசமா வீட்டுக்குப் போயிட்டாங்க. அந்தப் பரிட்சையில ஈரல் கேள்வியில மட்டும் அத்தனை பேருக்கும் மார்க்கு போச்சு. மத்ததுல? மிருது சராசரியைத் தாண்டிட்டா. அடுத்ததுல இன்னும் மேல. வருச முடிவுக்குள்ள, டாக்டருக்குப் படிக்கற புள்ளைங்க இவகிட்ட வந்து சந்தேகம் கேக்கறாங்க!

அப்பறம் ரெண்டு காலேஜ்ல நேர்காணலுக்குக் கூப்பிட்டாங்க. அவ படிச்ச அந்தக் காலேஜ்ல நடந்தப்ப நான் வெளிய தயிர்சாதம் வெச்சுக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருந்தேன். வெளிய வந்தவ மூஞ்சியைப் பாத்தா ஒண்ணும் கண்டுபுடிக்க முடியலை.

"என்ன அம்மிணி கேட்டாங்க?"

"சொன்ன பேச்சே கேக்காத நோயாளி வந்தா எப்படி நடந்துக்குவேன்னு கேட்டாங்கப்பா."

"நீ என்ன சொன்னே?"

"உங்களைப் பத்திச் சொன்னேன்."

நான் தயிர்சாதத்தை பெஞ்சு மேல வெச்சுட்டு எந்திரிச்சுட்டேனுங்க. அத்தனை பெரிய டாக்டருங்க முன்னாடி, எத்தனையோ சொல்லியிருக்கலாம், அப்பனைப் பத்திச் சொல்லியிருக்கறா! "என்னன்னு சொன்னே?"ன்னேன்.

"எங்கப்பாவுக்குப் புரியலைன்னா, புரியலைன்னு சொல்ல மாட்டாரு. ஆமா ஆமான்னுதான் சொல்லுவாரு. மொதல்ல எனக்குக் கோவம் வந்துச்சு. அப்பறம் அவரு பேச்சை விட்டுட்டு அவரைப் பாக்கக் கத்துக்கிட்டேன். நோயாளியும் அப்படித்தான் தலையாட்டுவாங்க, நாமதான் எந்தப் பக்கம் ஆட்டறாங்கன்னு பாக்கோணும், பொறுமையா மறுக்காச் சொல்லோணும்னு சொன்னேன்"னா. அங்க இருந்த மூணு டாக்டரும் அதை எழுதிக்கிட்டாங்களாம்.

ரெண்டு காலேஜ்லயும் எடம் கெடைச்சுதுங்க. சேதி வந்தன்னைக்கு என்னைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு, "அப்பா, அப்பா"ன்னுதான் சொல்றா, வேற வார்த்தை வரலை. எனக்கும் வரலை. ஆமாங்க, எனக்கேதான்.

அதே காலேஜ்லயே படிப்பான்னு நான் வீட்டு வாடகை ஒப்பந்தத்தை நீட்டிக்கலாம்னு கெளம்புனேன். அவ வடக்க, ரெண்டு ப்ளேன் மாறிப் போற ஊரு காலேஜை எடுத்துக்கிட்டா. வருசத்துல பாதி நாளு பனி பெய்யற ஊருங்க. குளுருன்னாலே ஆகாத புள்ள! கேட்டா, "எனக்குப் பனி புடிக்கும்ப்பா"ங்கறா. போதாததுக்கு அங்க ஹாஸ்டல்ல அப்பாவுங்களைச் சேத்தறதில்லையாம். நானே போன் போட்டு விசாரிச்சேன். சேத்தறதில்லைன்னுதான் சொல்றாங்க. வசந்தாமணிதான் பாவம், நான் திரும்பி வந்துட்ட சந்தோசத்துல ஒரு வாரம் பேச்சே வரலை அவளுக்கு.

அதனால சொல்றேன், பொண்ணைத் திட்டாதீங்க. பக்கத்துலயே இருங்க. ஒரு சேரு போட்டு எதுத்தாப்புல... இருங்க, போன் அடிக்குது. அம்மிணிதான்! அங்க ராத்திரிச் சாப்பாட்டு நேரம் முடிஞ்சிருக்கும், நாளைக்கு அவளுக்கு இருதயம் பரிட்சை. வீடியோவுலதான் கூப்பிடுவா, தலை தெரியோணுமில்லீங்களா?

சொல்லு அம்மிணி. ஆமா, ரயில்லதான். சேலம் வரப் போகுது. இல்லை, தூங்கலை, நெசமாத் தூங்கலை. பக்கத்துலயா? ஒருத்தர் இருக்கறாரு. இல்லை இல்லை, தொந்தரவெல்லாம் இல்லை, அவரு நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கிட்டே வந்தாரு. எந்தப் பக்கமா? இரு பாக்கறேன்.

ஏனுங்க, இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி வந்து உக்காருங்க, உங்க மூஞ்சியும் தெரியோணுங்கறா. உங்களுக்கு இருதயத்தைப் பத்தி ஏதாச்சும் தெரியுங்களா? தெரியாதா? ஒண்ணுமே தெரியாதா?

அம்மிணி, சாருக்கும் ஒண்ணும் தெரியாதாம். நீ தைரியமா ஆரம்பி.